குடத்தின் எடை அறிவோமா?

2019ஆம் ஆண்டு ஜூன் திங்கள். வடசென்னையில் ஒரு தெருமுனைக் கூட்டம். கொடிக்கம்பத்தின் அடியில் ஒரு மேசை, ஓர் ஒலிபெருக்கி. எதிரே, துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை முடித்து, வியர்வை உலராத சட்டையுடன் வந்து நின்ற தோழர்கள். ஏரிகள் வறண்டதைப் பேசினேன், கைதட்டினார்கள். ஆட்சியில் அமர்ந்தோரின் மெத்தனத்தைப் பேசினேன், பலமாகக் கைதட்டினார்கள். முடிக்கும் நேரத்தில், "தோழர்களே, கிடைக்கின்ற தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்!" என்று ஒரு வார்த்தை சொன்னேன். கைதட்டல் நின்றுவிட்டது! முன்வரிசையில் இருந்த மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் எழுந்தார்.

"அண்ணே! எங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு 8 குடம் தண்ணி. 5 பேரு. அதுலதான் குடிக்கணும், ஆக்கணும், துவைக்கணும், குளிக்கணும். இதுல எதைண்ணே சிக்கனம் பண்றது? இந்தப் புத்திமதியைப் போயி பங்களாக்காரனுக்குச் சொல்லுங்கண்ணே!"

கூட்டம் கலகலவென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை! ஏனென்றால், அந்தத் தோழர் கேட்டதில் நியாயம் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைவீதியில் விற்கும் பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். 8 குடம் என்றால் 120 லிட்டர். 5 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 24 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தரவேண்டும் என்பது நம் நாட்டு அரசாங்கமே வகுத்து வைத்திருக்கிற அளவு. ஏட்டிலே 135, வீட்டிலே 24! ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாதவனைப் பார்த்து, "அப்பா, சிக்கனமாக இரு" என்பது, பட்டினி கிடப்பவனைப் பார்த்து, "பத்தியமாகச் சாப்பிடு" என்பதைப் போன்றதல்லவா?

அந்த ஆண்டின் கோடையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் — சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, வெடித்து, வாய் பிளந்து கிடந்தன. 2015 டிசம்பரில், இதே செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்துவிட்ட வெள்ளத்திலேதான் அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. நான்கே ஆண்டுகள்! வெள்ளத்தில் மிதந்த ஊர், விக்கலுக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்தது. உணவு விடுதிகள் பகல் சாப்பாட்டை நிறுத்தின. கணினி நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியிலே தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 இலட்சம் லிட்டர். மாலையிட்டு வரவேற்றார்கள், மத்தளம் கொட்டாத குறைதான்! அப்போது குறைத்து வழங்கப்பட்ட குடிநீரே நாளொன்றுக்குச் சுமார் 52 கோடி லிட்டர். இரயில் கொண்டுவந்தது அதிலே இருநூற்றில் ஒரு பங்கு! யானைப் பசிக்குச் சோளப்பொரி!

அந்தப் பஞ்ச நாளில் ஆளுங்கட்சியினர் என்ன செய்தார்கள்? ஜூன் 22ஆம் நாள், கோயில் கோயிலாக யாகம் வளர்த்தார்கள். வருணனுக்கு மனுப் போட்டார்கள்! வானம் மனுவைப் படித்ததா? வடகிழக்குப் பருவக்காற்று தனக்குரிய ஐப்பசியில் வந்தது. யாகக் குண்டத்தின் புகையைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

அதற்கும் முன்னால், 2017 ஏப்ரலில், வைகை அணையில் ஓர் அமைச்சர் நடத்திய வித்தையை நாடே கண்டது. வெயிலில் நீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி அணை நீரிலே மிதக்கவிட்டார். அதிகாரிகள் சூழ நின்றார்கள், படம் பிடித்தார்கள். சிறிது நேரத்தில் காற்று வீசியது. அட்டைகள் அத்தனையும் கரையிலே ஒதுங்கின! எத்தனை மேடைகளில் அதைச் சொல்லிச் சிரித்தோம்! நானும் சொன்னேன், நீங்களும் சிரித்தீர்கள்.

சிரித்தது சரி. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஆவியாவதைத் தடுக்கவேண்டும் என்ற எண்ணம் தவறா? இல்லை! அது விஞ்ஞானம். கடல் போன்ற அணைக்குத் தெர்மாகோல் அட்டை போடலாம் என்றதுதான் தவறு. சரி, அமைச்சரைப் பார்த்துச் சிரித்த நாம், நம் வீட்டு வாசலில் நிற்கிற முருங்கையின் வேர்ப்பகுதியைச் சருகு போட்டு மூடினோமா? திறந்து கிடக்கிற தொட்டியை மூடினோமா? சிரிப்பதோடு நம் பகுத்தறிவு ஓய்வு எடுத்துக்கொண்டால், அந்தப் பகுத்தறிவால் ஒரு செடிகூடத் தளிர்க்காதே!

கூட்டம் முடிந்தது. கேள்வி கேட்ட தோழரோடு நடந்தேன். படிப்பகத்தில் அமர்ந்தோம், நாளேட்டைப் புரட்டினோம், அரசியல் பேசினோம். மணி 11 ஆயிற்று. தெருமுனையிலே லாரியின் இரைச்சல். அடுத்த நொடி, இருண்ட சந்துகளிலிருந்து ஓட்டமும் நடையுமாய்ப் பெண்கள்! கைக்கு இரண்டாக, இடுப்புக்கு ஒன்றாக, பச்சையும் நீலமும் சிவப்புமாய்க் குடங்கள். அந்த வரிசையில் தோழரின் துணைவியார் நின்றார். அவருக்குப் பின்னால், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், தூங்கி வழிந்தபடி அவருடைய மகள்.

நான் தோழரைக் கேட்டேன்: "ஏன் தோழர், அரிசி மூட்டையைத் தொட்டதும் எடை சொல்வீர்களாமே?"

"ஆமாண்ணே. தோள்ல வச்சாப் போதும். ஒரு கிலோ கூடக் குறைய இருந்தாச் சொல்லிடுவேன்."

"ஒரு குடம் தண்ணீர் எத்தனை கிலோ?"

தோழர் விழித்தார். யோசித்தார். தலையைச் சொறிந்தார். "தெரியலியேண்ணே" என்றார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு அன்றிரவு வீடு திரும்பினேனே, என் கதையைக் கேளுங்கள். நாங்கள் குடியிருந்தது இரண்டாவது மாடி. கதவைத் திறந்தாள் என் மனைவி; இடுப்பைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். "எத்தனை குடம் பிடித்தாய்?" என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத கேள்வி அது! என்னை ஏற இறங்கப் பார்த்து, "12" என்றாள். "ஏங்க, இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஆயிரம் பேர் கூடிய கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால் மடக்கிப் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு, அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 15 லிட்டர் குடம் 15 கிலோ. குடத்தின் எடை தனி. 12 குடம் என்றால் 180 கிலோ. இரண்டு மாடி ஏற்றம்! அந்தத் தோழரின் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், நாளுக்கு 8 குடம், 120 கிலோ. மாதத்துக்கு 3,600 கிலோ. மூன்றரை டன்னுக்கும் மேலே! துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தோழருக்குக் கூலி உண்டு. கூலி குறைந்தால் கேட்பதற்குச் சங்கம் உண்டு. சங்கம் அழைத்தால் வேலை நிறுத்தம் உண்டு. குடம் தூக்கும் அவருடைய துணைவிக்கு என்ன உண்டு? இடுப்பு வலி உண்டு!

அதே ஜூன் திங்களில் நாமும்தான் குடம் ஏந்தினோம். காலிக் குடங்களோடு வீதிக்கு வந்து, "தண்ணீர் எங்கே?" என்று முழங்கினோம். தேவையான முழக்கம், நேர்மையான முழக்கம். ஆனால் மறுநாள் பொழுது விடிந்ததும் அந்தக் குடங்கள் யார் கைக்குப் போயின? காலிக் குடம் நம் கையில். நிறைகுடம் அவள் இடுப்பில்! இதுவா தோழர்களே, நாம் பேசுகிற சமத்துவம்?

ஆகவே, அந்தத் தோழரின் கேள்விக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இன்று சொல்கிறேன். முதலில் சிக்கனம் செய்யவேண்டியவன் பங்களாக்காரன்தான், ஐயமே இல்லை. அதை அவனிடமும் அரசாங்கத்திடமும் உரக்கக் கேட்போம். ஆனால் நம் வீட்டில் நாம் மிச்சம் பிடிக்கிற தண்ணீர் பங்களாக்காரனுக்கான தியாகம் அல்ல. ஆட்சியாளருக்குச் செய்கிற உதவியும் அல்ல. ஒரு குடம் மிச்சமானால், 15 கிலோ சுமை ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து இறங்குகிறது. நமக்குச் சிக்கனம் என்பதன் பொருள் அதுதான்.

பங்களாக்காரன் செய்வானா என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தைப் பாருங்கள். 2018இல் அங்கும் பஞ்சம். பிப்ரவரி முதல் நாளிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று அளவு வைத்தார்கள். கூடுதலாகச் செலவிட்டவருக்குக் கட்டணத்தை உயர்த்தினார்கள். குழாயில் அளவு மீறாதபடி கருவி பொருத்தினார்கள். புல்தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் குழாய்த் தண்ணீர் கூடாது என்றார்கள். குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றினார்கள், மாளிகைவாசிகளும்தான்! மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நகரத்தின் தண்ணீர்ச் செலவு ஏறத்தாழப் பாதியாக இறங்கிற்று. குழாய்களை அடைக்க நேரவில்லை. இத்தனைக்கும், அங்கே குடிசைப் பகுதி மக்கள் எல்லோரும் சேர்ந்து செலவிட்ட தண்ணீர் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை! யாரால் குறைக்க முடியும், யார் குறைக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சட்டம் போட்டு, அளந்து, விலை வைத்துக் கேட்டால் சீமானும் வாளி ஏந்துவான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

புதுத் தண்ணீர் வந்தவுடன், நேற்றுப் பிடித்த தண்ணீரைப் "பழைய தண்ணி" என்று சாக்கடையில் கொட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீர் என்ன தோசை மாவா, ஓர் இரவில் புளித்துப்போக? மூடி வைத்த தண்ணீர் ஓர் இரவில் கெட்டுவிடாது. குடிக்க மனம் ஒப்பாவிட்டால் பாத்திரம் துலக்கு, துணி அலசு, தரை துடை. கொட்டாதே! ஆனால் எந்தத் தண்ணீரையும் திறந்து வைக்காதே. வாரம் ஒரு முறை தொட்டியையும் டிரம்மையும் தேய்த்துக் கழுவு. இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

குழாய் உள்ள வீடுகளுக்கு: குழாயைத் திறந்துவிட்டபடி பல் துலக்குவது, முகம் மழிப்பது — இந்த ஜமீன்தாரி பழக்கம் வேண்டாம். குழாய் நிமிடத்துக்கு 5 லிட்டர் கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 3 நிமிடத்தில் ஒரு குடம் போயிற்று! சொட்டுகிற குழாயை அலட்சியம் செய்யாதே. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்பது மருந்துக் கடைக் கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 4 லிட்டருக்கும் மேலே. மாதத்துக்கு 130 லிட்டர். 8 குடத்துக்கும் அதிகம். அந்த 8 குடம், நம் தோழர் வீட்டின் ஒரு நாள் வாழ்க்கை! வாஷர் மாற்ற ஆகும் செலவு ஒரு வேளை தேநீர்ச் செலவு.

ஓடும் குழாயில் பாத்திரம் துலக்குவதைவிட, ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அலசினால் பாதிக்குப் பாதி மிச்சம். அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் செடிக்குப் போகட்டும். துணி அலசிய நீர் கழிப்பறைக்குப் போகட்டும். மேலைநாட்டுக் கழிப்பறைத் தொட்டி பழைய மாதிரியாக இருந்தால், ஒரு முறை இழுக்க 10 லிட்டர் வரை குடிக்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் நீரும் நிரப்பி மூடி, தொட்டிக்குள்ளே ஓரமாக வைத்துவிடு. ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிஞ்சும். 4 பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 20 முறை என்றால் 20 லிட்டர், ஒரு குடத்துக்கும் மேலே! நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு அது இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயின் கீழே ஒரு வாளி வையுங்கள். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். உப்பு மிகுந்த நீர் என்பதால் செடிக்கு மட்டும் வேண்டாம்.

தண்ணீரை வீணடிப்பதிலே வறுமை செய்ததைவிட வருணம் செய்த கேடு அதிகம். ஈரோட்டிலே சிறுவன் இராமசாமி ஆசிரியர் வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக் குடித்தபோது, குடித்த பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றியல்லவா உள்ளே எடுத்துப் போனார்கள்! தாகத்துக்கு ஊற்றிய தண்ணீர் கொஞ்சம். தீட்டுக்கு ஊற்றிய தண்ணீரும் கொஞ்சமா? மராட்டியத்தின் மகாத் நகரில், 1927 மார்ச் 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தார். மாடு குடிக்கலாம், மனிதன் குடிக்கக்கூடாது என்றிருந்த குளம் அது! இதோ, 2022 டிசம்பரில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் மலத்தைக் கலந்த கொடுமையைக் கண்டு தலைகுனிந்தோம். தண்ணீர்ச் சிக்கனம் பேசுகிறவன், தண்ணீர்ச் சமத்துவத்தையும் சேர்த்துப் பேசவேண்டும். எல்லோரும் ஒரே குழாயில் பிடிக்காத தெருவில், ஒரு சொட்டு மிச்சமானாலும் அது நம் இயக்கத்துக்குப் பெருமையாகாது.

தோட்டத்துக்கு வருவோம். "எங்களுக்கேது தோட்டம்?" என்று வாரியக் குடியிருப்புத் தோழர் கேட்பார். மாடியில் நான்கு தொட்டியில் கறிவேப்பிலையும் மிளகாயும் இருந்தால் அதுவும் தோட்டம்தான். புறநகரில் அரைக் கிரவுண்டில் வீடு கட்டிய தோழருக்கு ஒரு தென்னை, ஒரு வாழை, ஒரு முருங்கை. ஊர்ப்புறத் தோழருக்குக் கொல்லை நிறைய இருக்கும். எல்லோருக்கும் ஒரே முறைதான்.

உச்சி வெயிலில் செடிக்கு ஊற்றாதே. ஊற்றுவதில் ஒரு பங்கைச் சூரியன் குடித்துவிடுவான். காலை வெளிச்சம் வருமுன், அல்லது அந்தி சாய்ந்தபின் ஊற்று. தினம் கொஞ்சம் மேலே தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வேர் நனைய ஊற்றினால், வேர் ஆழத்தைத் தேடிப் போகும். செடியைச் சுற்றிச் சருகு, வைக்கோல், கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்குப் போடு. மண்ணின் ஈரம் காற்றிலே ஓடாது, களையும் முளைக்காது, மக்கினால் எரு. அமைச்சர் அணையில் போட்டது காற்றில் பறந்தது. நாம் அடிமரத்தில் போடுவது நின்று பயன் தரும்! தென்னையைச் சுற்றி வட்டமாகக் குழி எடுத்துத் தேங்காய் மட்டையின் நார்ப்பக்கம் மேலே பார்க்கப் புதைத்தால், அந்த மட்டைகள் பஞ்சு போல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக வேருக்குக் கொடுக்கும். நம் தோப்புக்காரர்கள் பலகாலமாகச் செய்வது இது. பூசாத மண்பானையைச் செடியோரம் கழுத்தளவு புதைத்து, நீர் ஊற்றி மூடிவிடு. பானை கசியும், வேர் குடிக்கும், வெயில் ஏமாறும்.

குளித்த நீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல் ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பு. அது தேங்கி நிற்காமல் மண்ணில் இறங்கவேண்டும். கீரைக்கு அந்த நீர் வேண்டாம். புல்தரை என்கிற வெள்ளைக்காரப் பைத்தியத்தை விட்டுவிடு. இங்கிலாந்தின் தூறலுக்குப் பிறந்த அழகு அது. நம் சித்திரை வெயிலில் அதைப் பச்சையாக வைக்கத் தினமும் குடம் குடமாக ஊற்றவேண்டும். ஒரு முருங்கை நட்டால் குறைந்த நீரில் கீரை தரும், காய் தரும், நிழல் தரும்.

இனி, தலைக்கு மேலே பாருங்கள், கூரையைப் பாருங்கள்! ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடிக் கூரை 55 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் மழையைக் குறைத்தே 1,200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சின்னக் கூரையின்மேல் விழுவது 66,000 லிட்டர்! குடத்தில் சொன்னால் 4,400 குடம்! பாதி வீணானாலும் 2,200 குடம். லாரி கொண்டுவராது, இரயில் கொண்டுவராது, வானம் வீட்டுக்கே கொண்டுவந்து ஊற்றுகிறது. நாம்தான் அதைத் தெருவுக்கு வழியனுப்பி வைக்கிறோம்.

2003ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆணை வந்தது. கொண்டுவந்தது மாற்றுக் கட்சியின் ஆட்சி. அதனால் என்ன? நல்லதை நல்லது என்று சொல்ல நாக்கு கூசவேண்டிய நிலையில் நாம் இல்லை. பின்வந்த ஆண்டுகளில் பல இடங்களில் கிணற்று மட்டம் உயர்ந்ததை மக்கள் கண்ணாரக் கண்டார்கள். பிறகு? குழாய் உடைந்தது, குழி மண்மூடியது, வடிகட்டும் கருங்கல் ஜல்லியில் சேறு அடைத்தது. பெயருக்கு ஒரு குழாய் சுவரோரம் நிற்கிறது, மானியத்துக்கு மாலை போட்டது போல! புரட்டாசி முடியுமுன் மொட்டை மாடியைக் கூட்டி, குழியைத் தோண்டி, ஜல்லியைக் கழுவிப் போட்டால் அது மீண்டும் உயிர்பெறும். இரண்டு ஆள், அரை நாள் வேலை.

"கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, இனிக் கவலை எதற்கு?" என்பாரும் உண்டு. 2010இல் மீஞ்சூரிலும், 2013இல் நெம்மேலியிலும், 2024இல் நெம்மேலியிலேயே இரண்டாவதாகவும் ஆலைகள் திறக்கப்பட்டன. நல்ல ஏற்பாடு, வேண்டிய ஏற்பாடு. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். பணம் நம் வரிப்பணம். அவ்வளவு செலவிட்டு வருகிற நீரைச் சொட்டும் குழாயில் விடலாமா?

குற்றத்தை எல்லாம் பிறர் தலையில் போடவும் கூடாது. 1920களில், நீதிக்கட்சி ஆண்ட நாளில், மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. பனகல் பூங்கா என்றும் உஸ்மான் சாலை என்றும் நம் முன்னோரின் பெயர்கள் அங்கே ஒளிர்கின்றன. அடியிலே ஓர் ஏரி உறங்குகிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' மட்டும் மிச்சம். பார்ப்பதற்கு லேக் இல்லை! நகரம் வளர வீடு வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். நல்லெண்ணமும் தண்ணீரின் வழியை மறித்தால் தாகத்தில்தான் போய் முடியும். இதை ஒப்புக்கொள்கிற துணிவு நமக்கு இருந்தால்தான், இன்று ஏரியை வளைப்பவனைப் பார்த்து, அவன் எந்தக் கட்சிக் கரைவேட்டி கட்டியிருந்தாலும், "நிறுத்து!" என்று சொல்லும் தகுதி நமக்கு இருக்கும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று: ஒவ்வொரு கிளையிலும் குழாய் வேலை தெரிந்த இரு தோழர்கள் ஞாயிறு தோறும் தெருவைச் சுற்றி, சொட்டும் குழாய்களைக் கூலியின்றிப் பழுதுபாருங்கள். தெருக்குழாயும் பூமிக்கடியில் உடைந்த குழாயும் கசிந்தால் எழுதிக் கொடுத்து, சரிசெய்யும்வரை அலுவலகத்தை விடாதீர்கள். இரண்டு: படிப்பகத்தின் கூரையிலிருந்தே மழைநீர்க் குழியைத் தொடங்குங்கள், பிறகு ஊருக்குச் சொல்லுங்கள். மூன்று: லாரி வரும் இரவில் ஆண்கள் வரிசையில் நில்லுங்கள். உதவிக்காக அல்ல, அது உங்கள் வேலையும் என்பதற்காக!

என் வீட்டில் அந்த இரவுக்குப் பிறகு குடத்தை நானும் சுமந்தேன். முதல் நாள், 3 குடம் ஏற்றியதும் மூச்சு வாங்கியது. நான்காவது குடத்தைத் தூக்கியபோது, யாரும் சொல்லாமலே சிக்கனம் வந்தது! காலையில் முகம் கழுவச் சொம்பு நிறைய மொண்டவன், அரைச் சொம்போடு நிறுத்தினேன். எத்தனை சொற்பொழிவு கேட்டும் வராத சிக்கனம், இரண்டு மாடி ஏறியதும் வந்துவிட்டது.

அந்தத் தோழரைச் சில நாள் கழித்துப் பார்த்தேன். தூரத்திலிருந்தே கையை உயர்த்தி, "15 கிலோண்ணே! குடத்தோட சேத்தா இன்னும் கொஞ்சம்!" என்றார். எடை போட்டுப் பார்த்தாரா, தோளில் வைத்துப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் தோளே சொன்னது.

தோழனே, இன்று இரவு உன் வீட்டில் குடத்தை எடு.